கடதாசியும் கொடியும்

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், இனி யாரை அழைப்பது என்ற கேள்வி எழுவதில்லை. பந்தல் இடுவதற்கும், உற்றார் உறவினர்க்குச் சேதி சொல்வதற்கும், சுடலையிலே விறகு அடுக்குவதற்கும் ஆட்கள் வந்து சேர்வர். செத்தவீடு ஊராரின் கடமை; அங்கே விலைப்பட்டியலுக்கு இடமில்லை. அந்த ஒழுங்கினுள்ளே சாதியின் பெயரால் சிலர்மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், சாவு என்பது பணங்கொடுத்து வாங்கும் பண்டமன்று என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியிருந்தது.

அவ்வெண்ணத்தோடு வளர்ந்தவன் நான். ஆதலால், பிரேதத்தைப் பொறுப்பேற்று அடக்கஞ் செய்வதையே தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பாகக் கொண்ட ஒரு குடும்பத்தை அமெரிக்காவிலே கண்டபோது என் மனம் கூசியது. சாவையுங் கடைச்சரக்காக்கிவிட்டார்களே என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வாரத்துள் மாறியது. அது மாறிய விதத்தையே இங்கு கூற விரும்புகிறேன்.

2012ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மகளுடன் சில மாதங்கள் தங்கிவரும் நோக்கோடு ஒகாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஊரின் நடுவே மணிக்கூட்டுக் கோபுரத்துடன் நீதிமன்றக் கட்டடம். அதனைச் சூழத் தபாற்கந்தோர், வங்கி, இரண்டு தேவாலயங்கள். பிரதான வீதியின் அந்தத்தில் வெண்ணிறத் தூண்களும் அகன்ற விறாந்தையுமாக ஒரு மாளிகை நின்றது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் இல்லம் போலும் என்று எண்ணி மகளிடம் விசாரித்தேன். அவள் சிரித்தாள். "அது மலர்ச்சாலை, அப்பா. மேல்மாடியில் குடும்பம் வசிக்கிறது, கீழே பிரேதங்கள்" என்றாள். அன்று முதல் அந்த வீதியால் உலாவப் போகும்போது மறுபக்கத்து நடைபாதையையே நாடினேன்.

எங்கள் அயல்வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். வயது எண்பத்தொன்று. மோட்டார் திருத்துமிடம் ஒன்றை நாற்பது ஆண்டுகள் நடத்தி ஓய்ந்தவர். அதிகம் பேசமாட்டார். சருகு கூட்டும் வாரியை எப்படிப் பிடித்தால் முதுகு நோகாது என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவரே. நோய்வாய்ப்பட்டு வீட்டிலேயே படுத்திருந்த அவர், ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் நள்ளிரவு கடந்து உயிர் நீத்தார். ஒரே மகன் தொலைவிலே கலிபோர்ணியாவில் இருந்தான். மூதாட்டி எங்கள் கதவைத் தட்டினார். மகளும் நானும் ஓடினோம்.

தாதி மலர்ச்சாலைக்கு அறிவித்தாள். அரைமணி நேரத்தில் அதன் உரிமையாளர் தாமே வந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். அந்த அகாலத்திலும் கறுப்பு அங்கியும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். அவரும் உதவியாளரும் பிரேதத்தை எடுத்துச் செல்லுமுன், மூதாட்டி தைத்த கம்பளப் போர்வையை அதன்மேற் போர்த்தினர். வண்டியில் ஏற்றியபின் அவர் மீண்டும் உள்ளே வந்து, வெறுமையான கட்டிலின் விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்துவிட்டு, தலையணையை நேராக வைத்தார். திரும்பி வரும் மனைவியின் கண்களில் கலைந்த படுக்கை படலாகாது என்பதற்காகவே அவ்வாறு செய்தார் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

மறுநாட் காலை மூதாட்டியின் சாப்பாட்டு மேசையருகே நாங்கள் இருந்தோம். அவர் முதலில் ஓர் அச்சிட்ட விலைப்பட்டியலை எடுத்து வைத்தார். அது அவருடைய தயவன்று, சட்டம். 1963இல் ஜெசிக்கா மிற்போர்ட் என்னும் எழுத்தாளர் அமெரிக்க ஈமத்தொழிலின் பேராசையைத் தோலுரித்து ஒரு நூல் எழுதினார். துயரத்தில் தடுமாறும் குடும்பங்களுக்கு விலையுயர்ந்த பெட்டிகளை விற்கும் தந்திரங்களை அது நாடறியச் செய்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலை குறித்துப் பட்டியல் கொடுக்கவேண்டும் என்ற கூட்டாட்சி அரசின் விதி 1984இல் நடைமுறைக்கு வந்தது. எனது கூச்சம் அமெரிக்கருக்கும் இருந்ததென்பது அறிந்து ஓரளவு ஆறுதலடைந்தேன்.

பின்னர் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, அவர் படையிற் சேவை செய்தவரா?"

"ஆம். கொரியாவில் இருந்தார். ஆனால், அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை."

"விடுவிப்புப் பத்திரம் உண்டா?"

மூதாட்டி தலையசைத்தார். பல ஆண்டுகளுக்கு முன் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்தபோது பழைய கடதாசிகள் யாவும் கூழாகிப் போயின. சற்றுப் பொறுத்து, மெல்லிய குரலிற் சொன்னார்: "கொடி ஒன்று வேண்டும் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். வேறு எதுவுங் கேட்டதில்லை."

இவ்விடத்திலே வாசகர்க்குச் சிறிது விளக்கம் வேண்டும். அமெரிக்காவில் படைச்சேவை புரிந்து, மானக்குறைவின்றி விலகிய ஒருவர் இறந்தால் அரசு சில கடமைகளை ஏற்கிறது. பெட்டியின்மேற் போர்த்த ஒன்பதரை அடி நீளமும் ஐந்தடி அகலமும் உடைய தேசியக் கொடி. பெயர் பொறித்த கல். தேசிய மயானத்தில் இடம். ஜனாதிபதியின் கையொப்பப் பதிப்புடன் ஒரு நினைவுப் பத்திரம். கடைசியிற் கூறிய வழக்கத்தை 1962இல் ஜனாதிபதி கென்னடி தொடக்கினார். தேசிய மயானங்களோ லிங்கன் காலத்து 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தவை. குடும்பத்தவர் கேட்டால், சீருடை தரித்த படையினர் இருவரேனும் வந்து, கொடியை மடித்துக் கையளித்து, இறுதி எக்காளம் ஒலிக்கச் செய்யவேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு முதல் சட்டம். ஆனால் இத்தனைக்கும் அடிப்படை ஒரு கடதாசி. 1950 முதல் அதன் பெயர் டீ.டீ. 214. அது இல்லையேல் கொடியும் இல்லை, எக்காளமும் இல்லை.

மூலப்பிரதி அரசிடம் இருக்குமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் ஒரு வரலாற்றைச் சொன்னார். வரலாறு படிப்பித்து இளைப்பாறிய நான் அறியாத வரலாறு அது. 1973ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி, சென் லூயிஸ் நகருக்கு அருகே படையினரின் ஆவணங்கள் காக்கப்பட்ட கட்டடத்தின் ஆறாம் மாடியில் தீப்பற்றியது. தீயை முற்றாக அணைக்க நான்கு நாட்களுக்கு மேலாயிற்று. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது வீதம் அவற்றுள் அடங்கும். வேறு பிரதிகளும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் நின்ற இலட்சக்கணக்கானோரின் சேவைச் சான்று, கோடை நாட்கள் சிலவற்றிற் சாம்பலாயிற்று.

"சம்பளப் பதிவுகள் முதலியவற்றைத் துழாவி, மாற்றுச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஈமக்கிரியைக்கென்றால் விரைவாகவே செய்வார்கள். ஆனால் வார இறுதி வருகிறது. அடக்கம் செவ்வாய்க்கிழமை. இன்று மாலைக்குள் நாமே தேடிப் பார்க்கலாம்" என்றார்.

சென் லூயிசுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, நீதிமன்றக் கட்டடத்துக்குப் புறப்பட்டார். மூதாட்டியின் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொண்டு செல்லும் சாட்டில் நானும் அவருடன் போனேன். உண்மையில் என்னை இழுத்தது வியப்பு. இந்தத் தேடலுக்கு அவருடைய விலைப்பட்டியலில் விலை குறிக்கப்பட்டிருக்கவில்லை.

வழியில் தம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். கொள்ளுப்பாட்டனார் தச்சர், மேசையும் கதிரையும் செய்து விற்றவர். ஊரில் ஒருவர் இறந்தால் பெட்டி செய்வதும் அவரே. அமெரிக்காவின் பல சிற்றூர்களில் தளபாடக் கடையும் ஈமத்தொழிலும் இவ்வாறே ஒரு கூரையின்கீழ்ப் பிறந்தன. பிரேதத்தை மருந்திட்டுக் காக்கும் கலையைப் பரப்பியதோ உள்நாட்டுப் போர். 1861 மே மாதத்தில் எல்ஸ்வேர்த் என்ற இளந் தளபதி சுடப்பட்டு இறந்தார். தோமஸ் ஹோம்ஸ் என்பவர் அவருடலை மருந்திட்டுப் பதப்படுத்த, அது வெள்ளை மாளிகையிலே வைக்கப்பட்டது. தூரத்துப் போர்க்களங்களில் மடிந்த பிள்ளைகளின் உடல்களை வீட்டுக்கு அனுப்பும் வழி அதன்பின் பெருகிற்று. 1865இல் லிங்கனின் உடலே அவ்வாறு பதப்படுத்தப்பட்டுப் புகையிரதத்திற் சுமார் 1,650 மைல் சென்றது. ஒகாயோவின் கிளீவ்லாந்திலும் கொலம்பசிலும் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். போரிலே மாண்டவனை ஊருக்குக் கொண்டுவரவேண்டும் என்ற ஏக்கமே இத்தொழிலைப் பெரிதும் வளர்த்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"என் தகப்பனார் காலத்தில் எங்கள் கறுப்பு வண்டியே ஊருக்கு அம்புலன்சும். வைத்தியசாலைக்கும் அதுதான், மயானத்துக்கும் அதுதான். 1970களில் அந்த முறை மறைந்துவிட்டது" என்று கூறி முறுவலித்தார்.

பதிவாளர் கந்தோர் நான்கு மணிக்கு மூடப்படும். நாங்கள் போனபோது மூன்று. போர் முடிந்து திரும்பிய வீரர் பலர், பத்திரம் தொலைந்துவிடக்கூடும் என்றஞ்சி, தம் மாவட்டத்துப் பதிவாளரிடம் அதைப் பதிந்துவைப்பதுண்டு. நிலஉறுதிகள் பதியப்பட்ட ஏடுகளின் பக்கத்திலே அவ்வேடுகளும் அடுக்கியிருந்தன. பெயரகராதியிற் பார்த்தோம், இல்லை. இலிகிதர்ப் பெண்மணி அனுதாபத்தோடு கைவிரித்தாள். மலர்ச்சாலைக்காரர் விடவில்லை. அக்குடும்பத்தின் பெயர் ஜேர்மானியப் பெயர். பழைய தேவாலயப் பதிவிலே அதற்கு முதலெழுத்து வேறாக இருந்ததைத் தாம் கண்டதுண்டு என்றார். வேறு எழுத்தின்கீழ்த் தேடினார். மூன்றரை மணிக்கு, 1953ஆம் ஆண்டு ஏட்டில் அந்தப் பக்கம் அகப்பட்டது.

அவர் வாசித்தார், பின்பு நெடுநேரம் பேசாது நின்றார். விரலால் ஒரு வரியைச் சுட்டி என்னிடங் காட்டினார். முதியவர் கொரியாவிலே துவக்கேந்திய படைப்பிரிவிலே நின்றவரல்லர். இறந்தோரைத் தேடி எடுத்து, இன்னார் என்று அடையாளங் கண்டு, பெயர் பதியும் கல்லறைப் பதிவுப் பிரிவிலே சேவித்தவர். அமெரிக்கர் 36,000 பேருக்கு மேல் மாண்ட அந்தப் போரை அவர்கள் நாட்டில் மறக்கப்பட்ட யுத்தம் என்பர். 1951 முதல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மாண்டோரின் உடல்கள் யப்பானிலுள்ள கொக்கூராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அடையாளங் காணப்பட்டுத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. அப்போது முதியவருக்கு வயது இருபது.

"அவர் என் தொழிலைச் செய்தவர். நாற்பது ஆண்டுகள் என் வண்டிகளைத் திருத்தித் தந்தார். ஒருநாளும் சொல்லவில்லை" என்றார் மலர்ச்சாலைக்காரர். வேறொன்றும் பேசவில்லை. பிரதியில் முத்திரை குத்துவித்துக்கொண்டு, தபாற்கந்தோர் மூடுமுன் அங்கே விரைந்தார். அத்தகைய கொடிகள் அங்குதான் வழங்கப்படும். நாலேமுக்காலுக்கு, அட்டைப்பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அச்செய்தியை மூதாட்டிக்குச் சொன்னபோது அவர் அழவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், போரில் மாண்டோரின் நினைவுநாளன்று, கணவர் தனியே ஊர் மயானத்துக்குப் போய்க் காற்றிற் சாய்ந்த சிறு கொடிகளை நிமிர்த்தி நடுவார் என்றும், ஏன் என்று தாம் ஒருபோதுங் கேட்டதில்லை என்றும் சொன்னார். அன்று மாலை முழுவதும் அவர் கையில் அந்தப் பிரதி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அடக்கம் நடந்தது. பெட்டியின் மூடியிலே கொடி, நட்சத்திரங்கள் தலைப்பக்கமாக, இடத்தோளின்மேல் அமையுமாறு விரிக்கப்பட்டிருந்தது. ஊரிலுள்ள பழைய படைவீரர் சங்கத்தினர் ஏழுபேர், எல்லோரும் எழுபது வயது கடந்தவர்கள், படையினர் இரவல் கொடுத்த பழைய துவக்குகளுடன் அணிவகுத்தனர். குளிரில் அவர்களுடைய கைகள் நடுங்கின; ஆயினும் மூன்று வேட்டுகளும் ஒருசேர ஒலித்தன. மாநிலப் படையைச் சேர்ந்த இளைஞன் ஒருவனும் யுவதி ஒருத்தியும் சீருடையில் வந்திருந்தனர். இளைஞன் சற்றுத் தூரத்திலே மரத்தடியில் நின்று எக்காளத்தை உதட்டில் வைத்தான்.

இருபத்துநான்கு சுரங்கள் மாத்திரமே கொண்டது அந்த இசை. 1862 யூலையில், வேர்ஜினியாவிற் பாசறையிட்டிருந்த தளபதி பட்டர்பீல்ட், இரவில் விளக்கணைக்கும் நேரத்தை அறிவிப்பதற்காகப் பழைய அழைப்பொன்றைத் திருத்தி அமைத்தது. அதே பாசறையிலே ஒரு வீரனைப் புதைத்தபோது, வேட்டொலி கேட்டு அண்மையிலிருந்த எதிரி கலவரமடையலாகாதென்று, வேட்டுக்குப் பதிலாக இதனை ஊதினர் என்பர். அன்று தொட்டு அது சாவின் இசையாயிற்று.

ஒரு பிசிறுமின்றி அது ஒலித்தது. நான் உருகி நின்றேன். பின்னர் மலர்ச்சாலைக்காரர் என் காதருகே உண்மையைச் சொன்னார். அந்த இளைஞனுக்கு ஊதத் தெரியாது. எக்காளத்தின் வாயினுள்ளே ஒரு சிறு கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த இசை ஒலிக்கும். இரண்டாம் உலகப் போரில் நின்றோர் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட இறந்துகொண்டிருந்த காலத்தில், எக்காளம் ஊத வல்லார் போதாமையால் 2003இல் இதற்கு அனுமதி கொடுக்கப்பட்டது.

எனக்குச் சப்பென்றாகிவிட்டது. மகத்தான ஒரு நாடு, தன் வீரனுக்கு ஊத ஒரு மனிதனைத் தேடிக்கொள்ள மாட்டாதா? 1963இல் கென்னடியை அடக்கஞ் செய்தபோது ஊதியவர் ஆறாவது சுரத்திற் பிசகினார். கேட்டவர்கள் அப்பிசகையே நாட்டின் விம்மலாகக் கொண்டார்கள். பிசகவே மாட்டாத பொறிக்கு விம்மத் தெரியாதே என்று நினைத்தேன். ஆனால் மூதாட்டியின் முகத்தைப் பார்த்தபோது என் தருக்கம் அடங்கியது. படையினர் இருவரும் கொடியை முக்கோணமாகப் பதின்மூன்று மடிப்பு மடித்தனர்; முடிவில் நீலமும் நட்சத்திரங்களுமே வெளித் தெரிந்தன. யுவதி முழந்தாளிட்டு, ஜனாதிபதியின் சார்பிலும் நன்றியுள்ள நாட்டின் சார்பிலும் என்று சொல்லி அதனை மூதாட்டியின் மடியில் வைத்தாள். அவர் அதைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டார். எக்காளம் மெய்யா பொய்யா என்பது அங்கே எவருக்கும் ஒரு பொருட்டாகவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அந்த ஏட்டைப் புரட்டிய விரல்கள் இல்லாதிருந்தால், அந்தப் பொய் எக்காளந்தானும் ஒலித்திராது.

சில நாட்களின்பின் மலர்ச்சாலைக்கு நானாகவே சென்றேன். இம்முறை மறுபக்கத்து நடைபாதையை நாடவில்லை. அவர் என்னை நிலவறைக்கு அழைத்துச் சென்று ஓர் இரும்பலுமாரியைக் காட்டினார். 1973ஆம் ஆண்டுத் தீயின் செய்தியைப் பத்திரிகையிற் படித்த அவருடைய தகப்பனார், ஊரிலுள்ள பழைய வீரர் ஒவ்வொருவரையும் தேடிப்போய், அவர்களிடமிருந்த பத்திரத்துக்குப் பிரதியெடுத்து அதனுட் சேர்க்கத் தொடங்கினாராம். மகனும் அதனைத் தொடர்கிறார். உயிரோடிருப்போரின் உறைகள் ஒரு தட்டில். மறைந்தோரின் உறைகள் வேறு தட்டில். அயல்வீட்டு முதியவர் மாத்திரம், தமக்குப் பத்திரம் வேண்டியதில்லை என்று சொல்லி நழுவிவிட்டாராம்.

அலுமாரிக்குப் பக்கத்தில் வெறுமையான ஒரு தட்டும் இருந்தது. தகனத்தின்பின் சாம்பலை எடுத்துச் செல்ல எவரும் வராத தகரப் பேழைகள் நெடுங்காலம் அங்கே கிடந்தனவாம். இவ்வாறு கேட்பாரற்றுக் கிடக்கும் பேழைகளுக்குள் பழைய படைவீரர் இருக்கக்கூடுமென்று நாடெங்கும் மலர்ச்சாலைகளைத் தேடிச் செல்லும் தொண்டர் திட்டமொன்று 2007ஆம் ஆண்டளவில் தொடங்கியது. அவர்கள் இங்கும் வந்தார்கள். நான்கு பேழைகளில் ஒன்று, முதலாம் உலகப் போரில் நின்ற ஒருவருடையது. 2010இல் அதனை ஒகாயோ வெஸ்டேர்ன் ரிசேர்வ் தேசிய மயானத்தில் அடக்கஞ் செய்தனர். உறவினர் ஒருவருமில்லை, முன்பின் அறியாதோர் முப்பது பேர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றனர். கொடியைப் பெற்றுக்கொள்ள ஆளில்லாமையால் மலர்ச்சாலைக்காரரே பெற்றுக்கொண்டார். அது மேல்மாடியில் அவர் பிள்ளைகளின் படிப்பறையில் இருக்கிறது.

பேசிக்கொண்டே அவர் முதியவரின் பத்திரத்துக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு உறைகளில் இட்டார். ஒன்றின்மேல் முதியவரின் பெயரையும், மற்றதன்மேல் மூதாட்டியின் பெயரையும் எழுதினார்.

"இறந்தவருக்கு இனி இதனால் ஆவதென்ன?" என்றேன்.

"அவருக்கு வேண்டியதில்லை, ஐயா. விதவைக்குரிய உதவிப்பணம் கேட்க நேர்ந்தால் அம்மையாருக்கு இது வேண்டும். அந்த நேரத்தில் அவர் தேடி அலையக்கூடாது." பின்னர், மரியாதையோடு, "உங்கள் நாட்டில் இப்படியானவற்றை யார் காக்கிறார்கள்?" என்று வினவினார்.

எங்கள் நாட்டிலும் முப்பதாண்டு யுத்தம் நடந்து 2009இல் முடிந்தது என்றேன். கடதாசியுமின்றிக் கல்லுமின்றிப் போனவர்கள் எத்தனையோ பேர் என்றும், அவர்களுடைய படங்களைத் தாய்மாரே கையில் ஏந்தி நிற்கிறார்கள் என்றும் சொன்னேன். மேலே சொல்ல நா எழவில்லை.

அவரும் மேற்கொண்டு ஒன்றுங் கேட்கவில்லை. இரண்டு உறைகளையும் அவற்றுக்குரிய தட்டுகளில் வைத்தார். அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். என் தோளில் ஒருகணம் கைவைத்துவிட்டு, படிகளில் எனக்கு வழிகாட்டி முன்னே ஏறினார்.